சிங்கப்பூரா, ஹட்யாயா, சென்னையா, ஜப்பானா? பள்ளி பேண்ட் குழுவின் இசைப் பரிமாற்றப் பயணத்துக்கு ஓர் ஒப்பீடு

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியின் பேண்ட் குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று பேச்சு எழுந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலில் விழும் கேள்வி "எந்த நாடு?" என்பதுதான். அதை மூன்றாவது கேள்வியாகத் தள்ளி வைக்க வேண்டும். முதல் கேள்வி, நம்மை வரவேற்கப்போகும் பள்ளி எது, அங்கே பேண்டை நடத்தும் ஆசிரியர் யார் என்பது. இரண்டாவது, நமக்கு விடுமுறை இருக்கும் வாரத்தில் அவர்கள் பள்ளி திறந்திருக்குமா என்பது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் நாடு தானாக முடிவாகிவிடும். நாட்டை முதலில் முடிவு செய்த குழுக்கள் பெரும்பாலும் பேரங்காடி மேடையில் 20 நிமிடம் வாசித்து, படம் எடுத்துக்கொண்டு, கடைக்குப் போய்த் திரும்புகின்றன. அதற்குச் சுற்றுலா என்று பெயர். அதில் தவறில்லை, ஆனால் பரிமாற்றம் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் கேட்கக்கூடாது.

பரிமாற்றம் என்றால் குறைந்தது இரண்டு ஒத்திகைகளாவது இரு பள்ளிப் பிள்ளைகளும் கலந்து உட்கார வேண்டும். நம் இரண்டாம் கிளாரினெட் பிள்ளை அவர்கள் முதல் கிளாரினெட் பிள்ளையின் பக்கத்தில், ஒரே ஸ்டாண்டில். அதன்பிறகே கூட்டு நிகழ்ச்சி. வரவேற்கும் பள்ளி இதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கீழே உள்ள நான்கு இடங்களும் பினாங்கிலிருந்து கிளம்பும் குழுவை மனத்தில் வைத்து ஒப்பிடப்பட்டவை. கோலாலம்பூர்க் குழுக்களுக்கு எங்கெங்கே கணக்கு மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

நாட்காட்டி

2026 முதல் நம் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது. பயணத்துக்கு ஏற்ற இடைவெளிகள் மூன்று: மே கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் ஒரு வாரம், டிசம்பர்.

டிசம்பர்தான் எல்லார் வாயிலும் முதலில் வரும். நாம் அதைக் கடைசியில் வைப்போம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மால் படிவம் 5 பிள்ளைகள் முன்கூட்டியே விலகிவிடுவார்கள். குழுவின் பலமே அவர்கள்தாம். சிங்கப்பூர்ப் பள்ளிகள் அப்போது ஆண்டிறுதி விடுமுறையில் இருக்கும். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு, அது முடிந்ததும் விடுமுறை. ஹட்யாயில் வடகிழக்குப் பருவமழை. 2010 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் அந்த நகரமே வெள்ளத்தில் மூழ்கியதை இங்கிருந்து போய் மாட்டிக்கொண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மே கடைசி வாரம் சிங்கப்பூருக்குக் கச்சிதம். அங்கே ஜூன் விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரம் நமக்கு ஏற்கெனவே விடுமுறை. அவர்கள் பள்ளி திறந்திருக்கும், அரையாண்டுத் தேர்வுகளை அங்கே 2023-க்குள் எடுத்துவிட்டதால் தேர்வு நெருக்கடியும் முன்போல் இல்லை, ஏப்ரலில் நடக்கும் இளையர் விழாவுக்கான (பள்ளிக் கலைக்குழுக்களின் விழா) உழைப்பும் ஓய்ந்திருக்கும். தாய்லாந்தில் மே நடுவில்தான் முதல் பருவம் தொடங்குகிறது. புதுப் பிள்ளைகள் அப்போதுதான் வாத்தியத்தைக் கையில் எடுத்திருப்பார்கள். சென்னையில் கோடை விடுமுறையும் கத்திரி வெயிலும். அந்த வாரம் சென்னையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசி ஹட்யாய்க்கும் சென்னைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் காலாண்டுத் தேர்வு செப்டம்பரில்தான். தாய்லாந்தில் முதல் பருவம் அக்டோபர் வரை ஓடும். ஒரே ஒரு முட்டுக்கட்டை, ஆகஸ்ட் 31 மெர்டேக்கா (சுதந்திர தின) அணிவகுப்பு. பள்ளி பேண்டுகளை அதற்குக் கூப்பிடுவார்கள். ஆகவே செப்டம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகு புறப்படும்படி நாளைக் குறிக்க வேண்டும்.

சிங்கப்பூர்

முதல்முறை போகும் குழுவுக்கு எங்கள் தேர்வு இதுவே. விசா வேண்டாம், மொழிச் சிக்கல் இல்லை, சாப்பாட்டுக் கவலை இல்லை, நல்ல வாத்தியங்கள் வைத்திருக்கும் பள்ளிகள் நிறைய. திம்பானி, மரிம்பா, பேஸ் டிரம் எல்லாமே அங்கேயே இருக்கும். நாம் குச்சிகளையும் மேலட்டுகளையும் கொண்டுபோனால் போதும்.

சிக்கல் எல்லையில்தான். பினாங்கிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர். பஸ்ஸில் குறைந்தது 9, 10 மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து 350 கிலோமீட்டர், 5 முதல் 6 மணி நேரம். சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியில் ஒவ்வொருவரும் தன் பையையும் வாத்தியத்தையும் கீழே இறக்கி, எக்ஸ்ரே இயந்திரத்தில் போட்டு, மறுபக்கம் ஏற்ற வேண்டும். நாற்பது வாத்தியப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதற்கே நேரம் பிடிக்கும், அதற்கு முன் வரிசை வேறு. வெள்ளி மாலையும் சனி காலையும் எல்லையைத் தொடவே கூடாது. செவ்வாய் அல்லது புதன் நடுப்பகல் நல்லது. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் வந்துசேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. அட்டையை ஆசிரியர்களே உட்கார்ந்து எல்லாருக்கும் நிரப்புவது நல்லது. ஒரு பிள்ளையின் கடப்பிதழ் எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் முழுப் பஸ்ஸும் காத்திருக்கும்.

எந்த பஸ்ஸும் எல்லையைத் தாண்டிவிட முடியாது. சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி உள்ள வண்டியா என்று வாடகை பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கை எண்ணிக்கையும் முக்கியம். வழக்கமான சுற்றுலா பஸ் 44 இருக்கை. பெரியவர்கள் ஆறு பேர் என்றால் பிள்ளைகள் 38 பேர். முப்பத்தொன்பதாவது பிள்ளையைச் சேர்த்தால் இரண்டாவது பஸ் வேண்டும், தலைக்கு ஆகும் செலவு அங்கேதான் குதிக்கும். 38 பேரோடு நிறுத்தினாலும் கீழ்ப்பெட்டியில் அத்தனை பேர் பையும் டியூபாவும் சேர்ந்து அடங்காது. அதனால் டியூபாவை அங்கே இரவல் வாங்க வேண்டும்.

செலவை மிச்சம் பிடிக்க ஜொகூர் பாருவில் தங்கி தினமும் எல்லையைத் தாண்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டுமுறை சாவடி கடந்தால் காலை ஒத்திகைக்குப் பிள்ளைகள் களைத்துப்போய் வருவார்கள். பித்தளை வாசிப்பவர்களின் உதடு அதை உடனே காட்டிக்கொடுக்கும். அதற்குப் பதில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குள்ளேயே தங்கலாம்.

ஹட்யாய்

பினாங்கிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். பட்டர்வொர்த்திலிருந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை கொமியூட்டர் ரயிலும் உண்டு. பணம் குறைவாக உள்ள குழுவுக்கு இதைவிட மலிவான வெளிநாடு கிடையாது. கோலாலம்பூரிலிருந்து என்றால் இந்த அனுகூலம் போய்விடும்.

தாய்லாந்துப் பள்ளிகளில் காலை 8 மணிக்குக் கொடியேற்றம் தினமும் உண்டு. பேண்ட் உள்ள பள்ளிகளில் அந்தப் பிள்ளைகளே வாசிப்பார்கள். இரண்டாம் நாள் காலையில் நம் குழுவும் அந்த வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்களின் அணிவகுப்பு பேண்ட் மரபு வலுவானது. உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரிப் பழக்கம் மட்டுமே உள்ள நம் குழுவுக்கு நடந்துகொண்டே வாசிப்பதைக் கற்றுக்கொள்ள இது நல்ல வாய்ப்பு. அதற்கு ஏற்றபடி இசைத்தாள்களை மனப்பாடம் செய்யவோ, வாத்தியத்தில் மாட்டும் சிறு பிடியில் வைக்கும் அளவுக்குச் சுருக்கவோ வேண்டும்.

இரண்டு விஷயங்களை அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஒன்று, பாதுகாப்பு. ஹட்யாய் நகரம் சொங்க்லா மாநிலத்தில் இருக்கிறது. கலவரப் பகுதியாகக் கருதப்படுபவை பத்தானி, யாலா, நராத்திவாட் மாநிலங்களும் சொங்க்லாவின் சனா, தேபா, நா தவி, சபா யோய் மாவட்டங்களும். வரவேற்கும் பள்ளி நகரத்துக்குள் இருக்கிறது என்பதை வரைபடத்தோடு இணைக்க வேண்டும். இரண்டு, மொழி. அங்குள்ள ஆசிரியரோடு ஆங்கிலத்தில் நீண்ட கடிதப் போக்குவரத்து ஓடாது. தாய் மொழி தெரிந்த ஒருவரைத் தொடக்கத்திலேயே இழுத்துப்போட வேண்டும். கெடா, பெர்லிஸ் பக்கம் கிடைப்பார்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கும் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். எல்லை மூடும் நேரத்தை இரண்டு நாட்டு நேரத்திலும் எழுதி ஓட்டுநரிடம் கொடுங்கள்.

சென்னை

இதைத்தான் நம் தமிழ்ப் பெற்றோர் மனம் முதலில் நாடும். பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது; கோலாலம்பூரிலிருந்து பல நிறுவனங்கள் ஓட்டுகின்றன, பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். யுனெஸ்கோ 2017-இல் இசைக்கான படைப்பாற்றல் நகரமாகச் சேர்த்த ஊர். ஆனாலும் நான்கில் அதிக உழைப்பு கேட்பது இதுதான், ஏனென்றால் அங்கே நமக்கு நேர் சோடியாக ஒரு பள்ளிக் காற்றிசைக் குழு கிடைப்பது அரிது. பள்ளி பேண்ட் என்றால் பெரும்பாலும் அணிவகுப்புக்கான டிரம்மும் பியூகிளும்தான். டியூபா, திம்பானி இரவல் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

ஆகவே அங்கே போகிறவர்கள் வேறு வகைப் பரிமாற்றத்துக்குத் தயாராக வேண்டும்: நம் பேண்ட், அவர்களின் நாகஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், வாய்ப்பாட்டுப் பிள்ளைகள். இது சரியாக அமைந்தால் மற்ற மூன்று இடங்களும் தர முடியாததைத் தரும். அமைய வேண்டுமானால் சுருதியில் தொடங்க வேண்டும்.

காற்றிசைக் குழுவுக்கு வசதியான சுருதிகள் பி-பிளாட், இ-பிளாட், எஃப். கர்நாடக இசையில் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில் இவை முறையே ஆறரை, இரண்டரை, நான்கு. பாரி எனப்படும் நீளமான நாகஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். எனவே இரண்டரைக் கட்டை, அதாவது இ-பிளாட், இரு தரப்புக்கும் பொதுவான வீடு. அந்தச் சுருதியில் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் தங்கள் தாளில் எஃப் மேஜரிலும், ஆல்டோ சாக்ஸ் சி மேஜரிலும், பிரெஞ்சு ஹார்ன் பி-பிளாட்டிலும் வாசிக்கும். படிவம் 1 பிள்ளைக்கும் கைவரும் விரல்கள். இரண்டு கட்டை நாகஸ்வரம் வந்தால் டி மேஜர். கிளாரினெட்டுக்கு இ மேஜராகி நான்கு ஷார்ப். இளைய பிள்ளைகள் திணறுவார்கள். அதனால் "உங்கள் நாகஸ்வரம் எத்தனை கட்டை?" என்ற கேள்வி விமானச் சீட்டுக்கு முன்பே கேட்கப்பட வேண்டியது. குரலிசைப் பிள்ளைகள் என்றால் பெண் குரல் ஐந்து, ஆறு கட்டையில் இருக்கும். அதற்குத் தனி உருப்படி வேண்டும், ஒரே ஏற்பாட்டில் எல்லாரையும் அடைக்க முடியாது.

ராகத்தில் மோகனமும் ஹம்சத்வனியும் பேண்டுக்கு நட்பானவை. இ-பிளாட்டில் மோகனம் என்றால் இ-பிளாட், எஃப், ஜி, பி-பிளாட், சி. ஹம்சத்வனியில் கடைசிச் சுரம் மட்டும் டி. கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) குறைவாக வாசித்தாலும் ராகத்தின் முகம் தெரியும். தோடியைத் தொடாதீர்கள். வால்வை அழுத்தி வாசிக்கும் வாத்தியத்தில் அதன் காந்தாரம் (மூன்றாம் சுரம்) சப்பையாகிவிடும். சாக்ஸபோன் பிரிவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் துணிச்சல் காட்டலாம். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் அந்த வாத்தியத்தில் என்னென்ன முடியும் என்று செய்துகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னும் நேரான வழி ஒன்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் ஐரோப்பிய மெட்டுகளின் மேல் சங்கராபரணத்தில் எழுதப்பட்டவை. கர்நாடக இசை கற்கும் பிள்ளைகளுக்கு அவை தெரிந்திருக்கும், சங்கராபரணம் நம் பிள்ளைகளுக்கு மேஜர் ஸ்கேல். இரு தரப்பும் முதல் ஒத்திகையிலேயே சேர்ந்து வாசித்துவிடலாம். திரைப்பாடலை விட இதுவே மேல். பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை.

தயாரிப்புக்கு எட்டு மாதம் வேண்டும். மலேசியக் கடப்பிதழுக்கு மின்விசா தேவை; ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம், பெயர் கடப்பிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. "தந்தை பெயர்" என்ற கட்டத்தில் நம் பெயர்முறை குழப்பம் தரும். "அ/லெ" (மகன்), "அ/பெ" (மகள்) வரும் பெயர்களை எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

ஜப்பான்

பிள்ளைகளின் கனவு இது. யமஹா, கவாய் பிறந்த ஹமாமட்சு நகரம், பள்ளிக்குப் பள்ளி அசத்தும் குழுக்கள். 90 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் முதல் பயணத்துக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் (கேஎல்ஐஏ) வழியாகப் போய், அங்கிருந்து ஆறரை ஏழு மணி நேரம் பறக்க வேண்டும். செலவு மற்ற மூன்றையும் விட வெகு அதிகம். ஒத்திகைத் தரத்தில் பெரிய இடைவெளி இருந்தால் நம் பிள்ளைகள் வாயடைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

போவதென்றால் மே கடைசி, ஜூன் தொடக்கம். ஜூலை, ஆகஸ்டில் அனைத்து ஜப்பான் பேண்ட் போட்டியின் வட்டாரச் சுற்றுகள். அப்போது எந்தப் பள்ளியும் விருந்தாளியை ஏற்காது. அதற்கு முன் பருவத் தேர்வு வாரத்தையும் கேளுங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மன்ற நடவடிக்கைகளை நிறுத்திவிடும் பழக்கம் அங்கே உண்டு.

அங்கே குழுக்கள் ஏ சுரத்தை 442 ஹெர்ட்ஸில் வைப்பார்கள். 440-இல் பழகிய குழு சுமார் 8 சென்ட் (அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே நிற்கும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ட்யூனரை 442-க்கு மாற்றிப் பழக வேண்டும். வெப்பமும் கணக்கில் வரும்: காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் கணக்குப்படி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும், மூச்சின் சூடு அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். 30 டிகிரி வகுப்பறையில் பழகிய பிள்ளைகள் 22 டிகிரி அரங்கில் ட்யூனிங் குழாயை உள்ளே தள்ளியும் எட்டாமல் தவிப்பது இதனால்தான். இங்கேயே குளிர்சாதன அறையில் வாரம் ஒருமுறை ஒத்திகை வையுங்கள். இது சிங்கப்பூருக்கும் பொருந்தும்.

வீடுகளில் தங்க வைத்தால் சாப்பாட்டைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். "சைவம்" என்று சொன்னால் மீன் சாற்றில் செய்த சூப் வரும். மாட்டிறைச்சி தின்னாத பிள்ளைக்குக் கறிக் குழம்பு கட்டியில் மாட்டுக்கொழுப்பு இருக்கலாம் என்பதை வீட்டாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதே பட்டியல் தேவை.

வாத்தியங்கள்

விமானத்தில் ஒரு பொதி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. டியூபா பெட்டியோடு 20 கிலோவை ஒட்டி வரும், எடையில் பிழைத்தாலும் அளவில் மாட்டும். ஏர் ஏசியாவில் கைப்பை 56×36×23 செ.மீ., மொத்தம் 7 கிலோ. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் அடங்கும், ஆல்டோ சாக்ஸ் பெட்டி நீளத்தில் வெளியே நிற்கும். சாக்ஸைக் கீழே அனுப்பினால் கழுத்துக் குழாயைக் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். சாவிகள் ஆடாதபடி கார்க் துண்டுகளைச் செருகுங்கள். பெட்டிக்குள் வாத்தியம் நகர்வதால்தான் சேதம் வருகிறது, வெளியிலிருந்து விழும் அடியால் வருவது குறைவு. பெட்டியை மூடிக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் டி-சட்டைகளால் இடைவெளியை அடையுங்கள். ட்ராம்போன் ஸ்லைடு வளைவதும் ஹார்னின் வாய் நசுங்குவதும் இப்படித்தான். கிளாரினெட்டின் கிரெனடில்லா மரத்துக்கு அருகிவரும் உயிரின ஒப்பந்த அனுமதி வேண்டுமா என்று கேட்பார்கள். 2019 நவம்பர் முதல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு.

இரவல் வாங்கும் டியூபாவுக்கு என்ன சுருதி, பிஸ்டனா ரோட்டரியா, எத்தனை வால்வு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பகுதி நம்முடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு வாத்தியத்தின் வரிசை எண், தயாரிப்பாளர், மதிப்பு கொண்ட பட்டியல் பள்ளி முத்திரையோடு நான்கு பிரதி: போகும்போது, திரும்பும்போது, இரு நாட்டுச் சுங்கத்துக்கும். பெரிய தொகுதியை லாரியில் அனுப்புவதானால் தற்காலிக இறக்குமதிக்கான ஏடிஏ கார்னெட் வேண்டும். இங்கே அதை வழங்குவது மலேசிய அனைத்துலக வணிகத் தொழிலியல் சபை. இசைத்தாள்களில் நகல் வேண்டாம், வாங்கிய அசலைக் கொண்டுபோங்கள்.

ஆவணமும் பணமும்

13 வயது முதல் கடப்பிதழ்க் கட்டணம் 200 வெள்ளி (ரிங்கிட்). வசதி குறைந்த குடும்பத்துக்கு இதுவே முதல் தடை. சங்கம் இந்தத் தொகையை முதலில் திரட்ட வேண்டும். பெயர்ப்பட்டியல் போட்டதுமே எல்லாருடைய அடையாள ஆவணத்தையும் பாருங்கள். சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கானது) உள்ள பிள்ளைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது, விசா விலக்கும் பொருந்தாது. அதைக் கிளம்பும் மாதத்தில் கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளை வீட்டில் தங்கிவிடும். பத்து மாதம் முன்பே தெரிந்தால் குடிநுழைவுத் துறையிலும் அந்நாட்டுத் தூதரகத்திலும் வழி கேட்க நேரம் இருக்கும், அல்லது எல்லாரும் போகக்கூடிய இடமாக மாற்றிக்கொள்ளலாம். மாநிலக் கல்வி இலாகாவின் அனுமதிக் கடிதம் வரும்வரை திருப்பித்தராத எந்த முன்பணமும் கட்டாதீர்கள். வேப் வைத்திருக்கும் பிள்ளை சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் சட்டத்தில் மாட்டும். புறப்படுமுன் பையைத் திறந்து பார்ப்பதற்குப் பெற்றோர் கையொப்பம் வாங்குங்கள்.

அவர்கள் இங்கே வரும்போது நாம் செய்யப்போகும் செலவையும் இதே கணக்கில் போட வேண்டும். திரும்ப வரவேற்க முடியாத பள்ளிக்கு அடுத்தமுறை அழைப்பு வராது.

தொகுத்துப் பார்த்தால்: முதல் பயணம் என்றால் மே கடைசி வாரம் சிங்கப்பூர். பணம் இறுக்கம், குழு சிறியது, பினாங்கு அல்லது கெடா பள்ளி என்றால் செப்டம்பர் தொடக்கத்தில் ஹட்யாய். எட்டு மாதம் ஒதுக்கி, இரண்டரைக் கட்டையில் உருப்படி எழுதித்தர ஓர் ஆளும் இருந்தால் சென்னை. ஜப்பான், அந்நாட்டுப் பள்ளி ஒன்று முதலில் பினாங்குக்கு வந்து நம்மோடு வாசித்துவிட்டுப் போன பிறகு.

முதல் கடிதம் ஒரு பக்கம் போதும்: குழுவின் அளவு, வாத்திய வாரியான எண்ணிக்கை, கடந்த ஆண்டு வாசித்த மூன்று உருப்படிகள், இரண்டு நிமிட ஒலிப்பதிவு, வரக்கூடிய இரண்டு வாரங்கள், கலந்து உட்காரும் ஒத்திகைக்கான வேண்டுகோள், இரவல் வேண்டிய வாத்தியங்கள். ஒரே நேரத்தில் இரு பள்ளிகளுக்கு எழுதாதீர்கள். இரண்டும் ஒப்புக்கொண்டால் ஒன்றின் மனம் புண்படும். ஆறு வாரத்தில் பதில் வராவிட்டால் அடுத்த பள்ளிக்கு எழுதலாம்.